தேர்வு அலுவலகமாகச் சுருங்கலாமா சென்னைப் பல்கலைக்கழகம்?

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. ரூ.424 கோடி வரி பாக்கி என்பது துறையின் கணக்கு. அதற்கு ஆறு மாதம் முன்பே, 2023 ஆகஸ்டில், துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்திருந்தது. புதியவரைத் தேடும் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி இருக்க வேண்டுமா, கூடாதா என்று ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. கன்வீனர் குழு ஒன்று அன்றாடக் கோப்புகளில் கையெழுத்திட்டு நிர்வாகத்தை ஓட்டியது.

கணக்கு முடக்கம் செய்தியாக வந்து போய்விட்டது. அதைக் கொண்டுவந்து சேர்த்த நோய் அப்படியே இருக்கிறது. காலிப் பணியிடங்கள், ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் முதியவர்கள், ஓரிரு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு சமாளிக்கும் துறைகள் என்று, பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்தில் பேச்சு இவற்றைத் தாண்டுவதில்லை.

தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களின் தாய் என்று மேடைதோறும் போற்றப்படும் நிறுவனம் இது. அந்தத் தாய்க்கு மாதச் செலவுக்குப் பணம் யார் தருவது என்பதில்தான் யாருக்கும் தெளிவில்லை. இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததல்ல. பல்கலைக்கழகம் பிறந்த விதத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது.

எழுபதாயிரம் பேர் கேட்டது

1839 நவம்பர் 11 அன்று மதராஸ் மாகாண ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு தரப்பட்டது. சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு. கொண்டுபோய்க் கொடுத்தவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். ஆங்கிலக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது கோரிக்கை. தந்தியும் ரயிலும் எட்டாத காலத்தில் இத்தனை கையெழுத்துத் திரட்டியிருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கார அரசு தானாக மனம் இரங்கிக் கொடுத்த கொடை என்று இதைச் சொல்லிவிட முடியாது.

கேட்டது உடனே கிடைத்துவிடவில்லை. 1841இல் ஓர் உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. அதுதான் பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆயிற்று. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் குறிப்பாணைக்குப் பிறகே பல்கலைக்கழகப் பேச்சு வேகம் பிடித்தது. 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பர் 5இல் மதராஸ் என்று மூன்று பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் வழியே பிறந்தன. வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அதாவது, பாடம் நடத்தாது, கல்லூரிகள் நடத்தும். பல்கலைக்கழகத்தின் வேலை வினாத்தாள் போடுவது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் கொடுப்பது. செலவு குறைவு, கட்டணம் நிச்சயம். அரசுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இன்னோர் ஏற்பாடும் அன்றே செய்யப்பட்டது. மாகாண ஆளுநரே வேந்தர். முதல் வேந்தர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு. முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் இடையிலான இழுபறியின் முதல் முடிச்சு அங்கே விழுந்தது. நியமிக்கப்பட்ட ஆளுநரும் நியமிக்கப்பட்ட நிர்வாகமும் ஒரே எசமானனுக்குப் பதில் சொன்ன காலத்து ஏற்பாட்டை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வந்த பிறகும் அப்படியே விட்டுவைத்தோம்.

முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இந்தத் தாமோதரம் பிள்ளைதான் பின்னர் கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். பல்கலைக்கழகம் அவருக்குப் பதிப்புப் பணி கற்றுத் தரவில்லை. கற்றுத் தர அதனிடம் ஒரு வகுப்பறைகூட அன்று கிடையாது.

மண்டபம் இருந்தது, வகுப்பில்லை

மெரினா கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞரின் படைப்பு. 1864இல் அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்று மதராஸுக்கு வந்தவர் அவர். மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவருடையதே. ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்குப் பக்கத்தில், அந்த அரண்மனையின் சாயலையே தழுவி, 1874இல் தொடங்கி 1879இல் செனட் ஹவுஸைக் கட்டி முடித்தார்.

மூலைக்கு ஒன்றாக நான்கு கோபுரங்கள், மேலே குமிழ் மாடங்கள், இரு பக்கமும் நீண்ட தாழ்வாரம், தூண்களின் தலைப்பகுதியில் வண்ணம் தீட்டிய செதுக்கு வேலை, வெயிலை நிறம் பிரித்து உள்ளே அனுப்பும் கண்ணாடிச் சன்னல்கள். இத்தனை அழகான கட்டடம் எதற்குப் பயன்பட்டது? பட்டமளிப்பு விழாவுக்கும் செனட் கூட்டத்துக்கும்தான். 1937இல் சில மாதங்கள் மாகாணச் சட்டப்பேரவையே இங்கே கூடியது. 1938 ஜனவரியில்தான் பேரவை இன்றைய ராஜாஜி மண்டபத்துக்கு இடம் மாறியது.

வளாகத்தில் நிற்கும் சிலைகளில் ஒன்று நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயருடையது. இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர். அன்னி பெசன்ட் சிறைவைக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதி, அதற்காகக் கண்டிக்கப்பட்டதும் ஆங்கில அரசு தந்த ‘சர்’ பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர். துணைவேந்தர் என்றால் யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு வளாகத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்று கதவைத் திறந்தது. முதல் துறைகள் வர 1914 ஆயிற்று: இந்திய வரலாறும் தொல்லியலும், ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளாதாரம். ஆக, பிறந்து 57 ஆண்டுகள் அது வெறும் தேர்வு அலுவலகம்.

மாதம் 75 ரூபாய்

தேர்வு அலுவலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆளின் வாழ்க்கையே சொல்லிவிடும். கும்பகோணத்திலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, எஃப்.ஏ. தேர்வில் தவறியவர் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லவில்லை. தோற்கடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முறை.

அதே பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அவர் வாங்கியது 30 ரூபாய். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமில்லை, ஆனாலும் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் போக ஆண்டுக்கு 250 பவுண்டு தந்ததும் இதே பல்கலைக்கழகம்தான். ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியின் பெயரைச் சொல்லும் நாம் இந்த செனட்டின் பெயரைச் சொல்வதில்லை.

தமிழ்ப் பேரகராதியின் கதையும் இதே வகை. 1913இல் தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் போதும் என்று கணக்கிட்டார்கள். முடிந்தபோது நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ஆகியிருந்தது. முதலில் சாண்ட்லர், 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை என்று பதிப்பாசிரியர்கள் உழைத்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் இணைப்பு. மொத்தம் 1,17,762 சொற்கள். மதிப்பீட்டைப் போல் நான்கு மடங்கு செலவு, முடிக்கக் கால் நூற்றாண்டு என்றால் இன்றைய தணிக்கை அதிகாரி என்ன எழுதுவார் என்று ஊகிக்கலாம். அந்த அகராதி இல்லாமல் இன்றைக்கும் பழந்தமிழ் நூல் ஒன்றைப் படித்துவிட முடியாது.

மூன்றாவது, நூலகம். 1924இல் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வேலை பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர். லண்டனுக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார்கள். திரும்பி வந்து 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933இல் கோலன் பகுப்பு முறையையும் எழுதினார். 1936இல் கடற்கரையைப் பார்த்தபடி நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து, நூலகவியல் பேராசிரியர் இருக்கைக்காக இதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகரின் சேமிப்பு அந்தக் காலத்து ஒரு லட்சம்!

பிறகு ஆ. லட்சுமணசாமி முதலியாரின் காலம். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் ஒரே துணைவேந்தர். இன்று அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஒரே ஆள் அத்தனை காலம் இருப்பதில் எந்த நிறுவனத்துக்கும் ஆபத்து உண்டு. ஆனால் ஆளைத் தேடிப் பிடிக்கும் கண் அவருக்கு இருந்தது. 1952இல் முப்பது வயதே ஆன ஜி.என். ராமச்சந்திரனை அழைத்து இயற்பியல் துறையைக் கையில் கொடுத்தார். கிண்டியில், பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநார் வாங்கி வைத்துக்கொண்டு, கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் உலகுக்குச் சொன்னார்கள். 1963இல் வந்த ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியில் பயன்படுகிறது. முதலியார் போன சிறிது காலத்தில் ராமச்சந்திரனும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போய்விட்டார். நல்ல ஆளைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அவர் கிளம்பிப் போக ஒரு கடிதம் போதும்.

வரவு எங்கே வற்றியது?

ஒரு காலத்தில் இதன் எல்லை கிட்டத்தட்டத் தென்னிந்தியா முழுவதும். மைசூர், ஆந்திரா, அண்ணாமலை, திருவிதாங்கூர் என்று விடுதலைக்கு முன்பே பிரிந்தன. பிறகு மதுரை, 1978இல் பொறியியலுக்காக அண்ணா பல்கலைக்கழகம், 1982இல் பாரதியாரும் பாரதிதாசனும், மருத்துவத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம், 2002இல் திருவள்ளுவர். இந்தப் பிரிவுகள் எல்லாம் நியாயமானவையே. வேலூர் மாணவர் ஒரு சான்றிதழுக்காகச் சேப்பாக்கத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆனால் ஒவ்வொரு பிரிவின்போதும் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் பிரிந்து போயின. இருந்த பெரிய கல்லூரிகள் பலவும் தன்னாட்சி பெற்று, தாங்களே தேர்வு நடத்தத் தொடங்கின. அந்தக் குழியை 1981இல் வந்த தொலைநிலைக் கல்வி நிறுவனம் பல ஆண்டுகள் நிரப்பியது. அந்தந்தப் பல்கலைக்கழகம் அதனதன் எல்லைக்குள்ளேயே தொலைநிலைக் கல்வி நடத்த வேண்டும் என்று யுஜிசி கட்டுப்படுத்திய பிறகு அந்த வருமானமும் மெலிந்தது.

செலவோ கூடிக்கொண்டே போனது. பணியாற்றுவோரின் சம்பளம் ஒருபுறம், ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியம் மறுபுறம். அரசு உதவிபெறும் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அரசுக் கருவூலம் ஓய்வூதியம் தருகிறது. அதே கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரோ, பல்கலைக்கழகத்தின் கல்லாப்பெட்டியை நம்பியிருக்கிறார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் தடைகளைக் காட்டி அரசு மானியம் பிடித்து வைக்கப்படும்போது அந்தப் பெட்டி இன்னும் காலியாகிறது.

வருமான வரிச் சிக்கலும் இங்கேதான் வந்து சேர்கிறது. கணிசமாக அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. கணிசம் என்றால், மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. மாநில அரசின் பங்கு பாதிக்குக் கீழே போனால், மத்திய அரசு வரி கேட்கும். மாநில அரசு கொடுக்காத பணத்துக்கு மத்திய அரசு விதித்த அபராதம் என்று இதைச் சொன்னால் தவறில்லை.

அடி விழுவது யார் மேல்?

ஆசிரியர் பணியிடங்களில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்காக நிரப்பப்படவில்லை. அந்த இடங்களில் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள். பாடம் நடந்துவிடும். ஆனால் கௌரவ விரிவுரையாளர் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்ட முடியாது. ஆய்வகக் கருவிக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்க முடியாது. ஆராய்ச்சி என்ற பகுதி சத்தமில்லாமல் உதிர்கிறது.

வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ போகிறவருக்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும், உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். துணைவேந்தர் இல்லாமல் பட்டமளிப்பு தள்ளிப்போனால் பட்டச் சான்றிதழும் தள்ளிப்போகும். புரொவிஷனலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருப்பது? சேப்பாக்கம் கவுன்டரில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். சென்னையில் குறைந்த செலவில் எம்.எஸ்சி.யோ எம்.ஏ.வோ படித்து ஆராய்ச்சிவரை போக நினைக்கும் ஏழைப் பிள்ளைக்கு இதைவிட்டால் வழி மிகக் குறைவு.

கட்டடங்களின் நிலையும் இதோடு சேர்ந்ததே. நூற்றைம்பதாவது ஆண்டையொட்டி செனட் ஹவுஸ் சீரமைக்கப்பட்டது. ஆனால் கடற்கரைக் கட்டடத்துக்கு ஒருமுறை வைத்தியம் போதாது. உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வேலை செய்கிறது. சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடத்தில் அவசரத்துக்கு சிமென்ட் பூசினால், சுவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துச் செங்கல்லையும் தின்றுவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட நிரந்தரமாக ஒரு பராமரிப்பு நிதி வேண்டும். சம்பளத்துக்கே திண்டாடும் நிறுவனம் கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை எப்போது பிடுங்கும்?

என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஓய்வூதியம். உதவிபெறும் கல்லூரிகளைப் போலவே பல்கலைக்கழக ஓய்வூதியத்தையும் கருவூலத்தின் வழியே அரசே வழங்க வேண்டும். இது ஒன்று நடந்தாலே பல்கலைக்கழகத்தின் சொந்த வருமானம் மாணவர் பக்கம் திரும்பும். அரசின் பங்கு கூடினால் வரிவிலக்குக்கான வாதமும் வலுப்பெறும்.

அடுத்து, மானியத்தைத் தணிக்கைத் தடையிலிருந்து பிரிக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் யாரோ செய்த நியமனத்தில் குறை இருந்தால் அவர்மேல் நடவடிக்கை எடுக்கட்டும். அதற்காக இன்று முதலாண்டு படிக்கிற மாணவரின் ஆய்வகத்துக்குப் பணத்தை நிறுத்துவது எந்த நியாயத்திலும் சேராது. தடைகளைத் தீர்க்க ஒரு குழு, அதற்கு ஒரு கெடு என்று வைத்தால் போதும்.

துணைவேந்தர் நியமனத்தில் யார் கை ஓங்க வேண்டும் என்பதை நீதிமன்றங்களும் சட்டமன்றமும் முடிவு செய்துகொள்ளட்டும். 1857இன் ஏற்பாடு காலாவதியானது என்பதே என் கருத்து. அது எப்படியும் இருக்கட்டும். பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடுதல் குழு அமைய வேண்டும். குறித்த நாளுக்குள் ஆள் வராவிட்டால் மூத்த பேராசிரியர் ஒருவர் முழு அதிகாரத்துடன் பொறுப்பேற்க வேண்டும். இதைச் சட்டத்தில் எழுதிவிட்டால், இரு தரப்பு சண்டைக்கு மாணவர் பணயமாக மாட்டார்.

காலியிடங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட முடியாது. ஒன்றிரண்டு ஆசிரியர்களுக்குச் சுருங்கிப்போன துறைகளிலிருந்து தொடங்கலாம். நகரத்தின் தன்னாட்சிக் கல்லூரிகளையும் மறுபடி உள்ளே இழுக்க வேண்டும். மாநிலக் கல்லூரியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் படிக்கும் இளங்கலை மாணவர், சாலையோடு நடந்தால் வந்துவிடும் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும், கிண்டி ஆய்வகங்களில் கோடை விடுமுறையில் வேலை கற்கவும் வழி செய்தால், பெரிய செலவில்லாமல் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் கிடைப்பார்கள்.

பல்கலைக்கழகம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. வரவு செலவையும், சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, சேத்துப்பட்டு, மதுரவாயல் என ஆறு இடங்களிலும் உள்ள நிலத்தின் விவரத்தையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். பணநெருக்கடி வந்தால் முதலில் கண்ணில் படுவது காலி நிலம்தான். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் யாரும் எளிதில் கைவைக்க முடியாது. சான்றிதழ்களுக்கு நாள் கெடு வைத்து, தவறினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். செனட் ஹவுஸை வாரத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும். நுழைவுக் கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பராமரிப்புக்கு மட்டும் செலவிடலாம்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் சட்டப்பேரவையின் எல்லா வரிசைகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். கட்சி வேறுபாட்டை ஒரு மணி நேரம் ஒதுக்கிவைத்து, ஓய்வூதியப் பொறுப்பை அரசே முழுமையாக ஏற்கும் என்ற அறிவிப்பை அடுத்த உயர்கல்வி மானியக் கோரிக்கையின்போது அவர்கள் சேர்ந்து கேட்டு வாங்க வேண்டும்.